பச்சை பூசிய பதினோரு ஊர்

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு, பாரிசில் ரூ பெர்தொனே தெருவில் ஞானரட்ணத்தின் பலசரக்குக் கடைக்குள் கால் வைக்க இடம் இருக்காது. முன்பக்கம் முருங்கைக்காய்ப் பெட்டிகள் இறங்கிக்கொண்டிருக்கும். பின்பக்கம், அரிசி மூட்டைகளுக்கு நடுவே ஒரு மடக்கு மேசை போட்டு, கழுத்தில் டை கட்டிய ஒரு மனிதர் உட்கார்ந்திருப்பார். அவர்தான் சூசைநாதன். புதுச்சேரிக்காரர், பிரெஞ்சுக் குடிமகன், வயது ஐம்பத்தெட்டு. வாரத்தில் ஐந்து நாள் அரசாங்க உத்தியோகம். ஆறாம் நாள், யாழ்ப்பாணத்திலிருந்தும் மன்னாரிலிருந்தும் அகதியாக வந்த சனங்களுக்குப் பிரெஞ்சில் படிவம் நிரப்பிக் கொடுக்கும் தருமம். கூலி வாங்கமாட்டார். ஒரு பிளேன்டீ, இரண்டு உளுந்து வடை, கொஞ்சம் மரியாதை. இவற்றில் எது குறைந்தாலும் முகம் சுருங்கும். மரியாதை குறைந்தால் கொஞ்சம் அதிகமாகவே சுருங்கும்.

படிவம் நிரப்புவதில் அவருக்கு ஒரு சட்டம் இருந்தது. எந்தக் கட்டமும் காலியாக இருக்கக் கூடாது. இது அவர் கண்டுபிடித்ததில்லை. புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரன் காலத்தில் முப்பது வருஷம் குமாஸ்தாவாக இருந்த அப்பாவிடமிருந்து வந்த சொத்து. "காலிக் கட்டம் விட்டா அதிகாரி உன்னக் கூப்புடுவான். நெயான்னு ஒரு வார்த்த போட்டீன்னா அடுத்த தாளுக்குப் போயிடுவான்" என்பார் அப்பா. நெயான் என்றால் பிரெஞ்சில் 'ஒன்றும் இல்லை' என்று பொருள். பிரெஞ்சு அலுவலகங்களில் அதைவிடக் கௌரவமான வார்த்தை கிடையாது. அந்த ஒற்றை வார்த்தையைப் பிடித்துக்கொண்டு அப்பா ஓய்வூதியம் வரைக்கும் போய்ச் சேர்ந்தார். மகனும் அதே பாதையில்தான் போய்க்கொண்டிருந்தார்.

முன்பு பெற்ற தண்டனை? நெயான். பிரான்சில் உறவினர்? நெயான். நோய்? நெயான். சனங்கள் வாய் திறக்குமுன் அவர் பேனா எழுதி முடித்துவிடும். கடையில் அவருக்கு 'நெயான் அண்ணை' என்று பட்டப்பெயர் வைத்திருந்தார்கள். அவருக்கும் அது தெரியும். தெரியாததுபோல் இருந்துகொள்வார், உள்ளுக்குள் கொஞ்சம் பிடித்துத்தான் இருந்தது.

இனி அவருடைய உத்தியோகத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். கடல்கடந்த பிரெஞ்சுப் பிரதேசங்களின் சுகாதாரத்தைக் கவனிக்கிற ஒரு அலுவலகத்தில் வரைபடப் பிரிவு அவருடையது. தென்னமெரிக்காவில் கயானா என்று ஒரு பிரெஞ்சுப் பிரதேசம் இருக்கிறது. பாதிக்கு மேல் காடு. அந்தக் காட்டில் ஒரு பூச்சி. மூட்டைப்பூச்சிக்குப் பெரியப்பா என்று வைத்துக்கொள்ளுங்கள். கட்டைவிரல் நகத்தைவிடப் பெரிது, பறக்கவும் செய்யும். பகலில் ஓலைக் கூரையிலும் சுவர் வெடிப்பிலும் பதுங்கியிருந்து, தூங்குகிறவரின் முகத்தில் இறங்கி ரத்தம் குடிக்கும். குடித்த இடத்திலேயே எச்சமும் இடும். கடித்தது தெரியாது. காலையில் அரிக்கிறதே என்று தேய்த்தால், எச்சத்தில் இருக்கும் கிருமி காயத்தின் வழியாகவோ கண் வழியாகவோ உள்ளே போய்விடும். சிலருக்கு ஒரு கண் வீங்கும், காய்ச்சல் அடிக்கும், பிறகு எல்லாம் சரியானதுபோல் இருக்கும். பத்து இருபது வருஷம் கழித்து இதயம் பெருத்து, நல்லாத்தான் இருந்தார் என்று ஊர் சொல்லும்படி ஆள் விழுவார். சாகாஸ் நோய் என்று பெயர். தொடக்கத்தில் கண்டுபிடித்தால் மருந்து உண்டு. முற்றிய பிறகு பெரும்பாலும் கைவிரிப்புத்தான்.

எந்த ஊரில் இந்த ஆபத்து எவ்வளவு என்று காட்ட ஒரு வரைபடம் தயாராகிக்கொண்டிருந்தது. ஆற்றங்கரை ஊர்கள் முப்பத்தேழு. கள ஆட்கள் படகில் போய் வீடு வீடாகக் கூரையைத் தட்டிப் பார்த்து, சனங்களின் ரத்தத்தையும் சோதித்து, ஊருக்கு ஓர் அட்டை என்று பாரிசுக்கு அனுப்புவார்கள். எத்தனை வீடு பார்த்தோம், எத்தனை வீட்டில் பூச்சி, எத்தனை பேருக்குச் சோதனை, எத்தனை பேருக்குக் கிருமி என்று அட்டையில் நான்கு கட்டம். அதைப் பார்த்து ஆபத்தான ஊருக்குச் சிவப்பு, நடுத்தரத்துக்கு மஞ்சள், ஆபத்து இல்லாததற்குப் பச்சை என்று சூசைநாதன் பூசவேண்டும். 1988 ஜனவரி கடைசியில் முப்பத்தேழு அட்டைகளும் வந்து சேர்ந்தன. அதில் பதினொன்றில் ஊர்ப் பெயரைத் தவிர ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

கை தானாகப் போனது. பதினோரு அட்டை, நாற்பத்து நான்கு கட்டம், நாற்பத்து நான்கு நெயான். பூச்சி இல்லை, கிருமி இல்லை, ஆகவே பச்சை. பென்சிலைச் சீவிச் சீவி, கோட்டுக்கு வெளியே போகாமல், பதினோரு ஊருக்கும் அழகாகப் பூசினார். சும்மா சொல்லக் கூடாது, வேலை சுத்தம்.

பிரிவின் தலைவர் டாக்டர் வொக்லேன் வரைபடத்தைப் பார்த்து அசந்துபோனார். "ஓட்டை இல்லாத படம் என் வாழ்நாளில் இதுதான் முதல் தடவை, மிசியே சூசை" என்றார். அச்சாகப்போகும் அறிக்கையின் அடியில் சூசைநாதனின் பெயரும் வரும், ஓய்வுக்கு முன் ஒரு பதவி உயர்வும் வரும் என்று வாக்குக் கொடுத்தார். சூசைநாதனின் மனைவி மர்கரீத் ஞாயிறு பூசை முடிந்த கையோடு கோயில் வாசலிலேயே நான்கு பேருக்குச் சொல்லிவிட்டாள். பிறகென்ன, தமிழர் கடைகள் நிறைந்த லா சப்பேல் பகுதி முழுக்கத் தெரிந்துவிட்டது.

இது ஒரு பக்கம் இருக்கட்டும். மார்ச் மாதம் இரண்டாவது சனிக்கிழமை மடுத்தீனும் அவன் மனைவி அற்புதமலரும் கடைக்கு வந்தார்கள். மன்னார்க்காரர்கள். ரூ லூயி-பிளாங்கில் ஒரு சாப்பாட்டுக் கடையில் அவன் கோப்பை கழுவினான், அவள் வெங்காயம் உரித்தாள். இரண்டு பிள்ளைகளோடு ஒரே ஓர் அறையில் குடியிருப்பு. படுத்தால் கதவைத் திறக்க முடியாது, கதவைத் திறந்தால் படுக்க முடியாது.

"சூசை அண்ணை, இதை ஒருக்கா வாசிச்சுச் சொல்லுங்கோவன்" என்று மடுத்தீன் ஒரு தாளை நீட்டினான். "வேலைக் கடுதாசி. வீடும் தாறாங்களாம்."

ஒரு மர அறுவைக் கம்பெனியின் ஒப்பந்தம் அது. கயானாவில் புதிதாகப் பட்டறை போடுகிறார்கள். குடும்பத்தோடு வரலாம், வீடு இலவசம், ஏப்ரல் பத்தாம் தேதி விமானம். ஊர் பெயர் சோ-திமான்ஷ். தாளோடு ஒரு படமும் குத்தியிருந்தது. ஆற்றங்கரையில் வரிசையாகப் புது வீடுகள். எல்லாம் ஓலை வேய்ந்தவை.

"பாருங்கோ அண்ணை, ஓலைக் கூரை" என்று அற்புதமலர் படத்தில் விரல் வைத்தாள். "சிலாவத்துறையில எங்கட வீடும் இப்பிடித்தான். சிமெந்துக் கூரை எண்டால் வெக்கையில சாகோணும். இது குளிர்ச்சி." அவளுக்கு அந்தக் கூரையே பாதி சம்மதம்.

பிறகு கேட்டாள். "காட்டுப்பக்கம் எண்டு சொல்லுறியள். நோய் நொடி ஏதும் இருக்கோ?"

சூசைநாதன் அடுத்த பக்கத்தைப் புரட்டினார். அங்கே ஒரு வரி இருந்தது. 'அரசு வரைபடத்தின்படி ஆபத்தற்ற பகுதி என்று அறியப்பட்டதால் இவ்வூர் தேர்ந்தெடுக்கப்பட்டது.' வரைபடத்தின் எண்ணும் போட்டிருந்தது. அவர் பூசிய படத்தின் எண். அறிக்கை இன்னும் அச்சுக்குப் போகவில்லை; கம்பெனி கேட்டது என்று வொக்லேன் ஒரு பிரதி கொடுத்திருந்தது அவருக்கும் தெரியும். சூசைநாதனின் முகம் மலர்ந்தது.

"அந்த மேப்பப் போட்டது யாருன்னு நெனக்கிற? இந்தக் கைதாம்மா!" என்று வலது கையைத் தூக்கிக் காட்டினார். "சோ-திமான்ஷ், பச்சை. நிம்மதியாப் போய்ட்டு வாங்க."

கடையில் இருந்தவர்கள் எல்லாரும் அந்தக் கையைப் பார்த்தார்கள். வடைத் தட்டோடு வந்த ஞானரட்ணமும் பார்த்தார். அற்புதமலர் மட்டும் முகத்தைப் பார்த்தாள்.

"அங்கை ஆர் அண்ணை போய்ப் பாத்தவை?"

"என்னம்மா?"

"பூச்சி பொட்டு இருக்கோ இல்லையோ எண்டு ஆரும் வீட்டுக்குள்ள போய்ப் பாத்தவையோ எண்டு கேக்கிறன். குறை நினைக்காதையுங்கோ. மடுக்கோயிலுக்குக் கிட்ட ஒரு குடியேற்றத்தில எங்களைக் கொண்டுபோய் இருத்தினவங்கள். மலேரியா, அந்த நுளம்புக் காய்ச்சல், இஞ்சை இல்லையெண்டு அரசாங்கக் கந்தோரில எழுதிக் கிடக்கு, பயப்படாதையுங்கோ எண்டு சொன்னவங்கள். ஒருத்தரும் வந்து பாக்கேல்லை. என்ர மூத்தவள் அஞ்சாம் நாள்..." மடுத்தீன் கடையின் கூரையைப் பார்த்தான். வெளியே மேம்பாலத்தில் மெத்ரோ ரயில் ஓடி, அலமாரிப் போத்தல்கள் கிணுகிணுத்து அடங்கின.

"பாத்திருப்பாங்கம்மா" என்றார் சூசைநாதன். "பாக்காம போடுவாங்களா?"

தேநீரை ஒரே மடக்கில் குடித்தார். படிவத்தில் 'பிரதேச நோய் குறித்து அறிந்தவை' என்ற கட்டத்தில் நெயான் எழுதி, கையெழுத்து வாங்கி, உறையில் போட்டுக் கொடுத்தார்.

மறுநாள் ஞாயிறு. மர்கரீத் நண்டுக் குழம்பு வைத்திருந்தாள். சூசைநாதனுக்கு ஒரு விசித்திரமான திறமை உண்டு; அட்டைகளில் வந்த எண்கள் எல்லாம் மனப்பாடம். இந்த ஊரில் இருபது வீடு, ஒன்பதில் பூச்சி. அந்த ஊரில் பதினான்கு வீடு, மூன்றில் பூச்சி என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். சோ-திமான்ஷுக்கு எத்தனை வீடு? நண்டின் காலை உடைத்தபடி யோசித்தார். வரவில்லை. எண்ணிக்கை நினைவில்லாத ஊர்களை விரல்விட்டு எண்ணினார். பதினொன்று வந்தது.

"என்ன, கொழம்பு சரியில்லியா?" என்றாள் மர்கரீத். "நல்லாருக்கு" என்றார். தட்டில் எல்லாம் அப்படியே கிடந்தது.

திங்கட்கிழமை காலை, காவலாளி விளக்குப் போடும்போதே அவர் அலுவலகத்தில் இருந்தார். சோ-திமான்ஷ் அட்டையை உருவினார். நான்கு கட்டத்திலும் தன் கையெழுத்தில் நெயான். ஏதோ தோன்றி அட்டையைத் திருப்பினார். இத்தனை நாளும் அந்த அட்டைகளின் பின்பக்கத்தை அவர் பார்த்ததே இல்லை. கட்டம் இருப்பது முன்பக்கம்தானே! பின்பக்கம் கள ஆள் பென்சிலில் கிறுக்கியிருந்தான்: 'படகு பழுது. ஆற்றில் வெள்ளம். போகவில்லை, பார்க்கவில்லை. ஜூலையில் போவோம்.' மற்றப் பத்தையும் திருப்பினார். பத்திலும் அதே வரிதான்.

வரைபடத்தை விரித்தார். சோ-திமான்ஷுக்கு மேலே உள்ள ஊர் சிவப்பு, கீழே உள்ள ஊரும் சிவப்பு. இரண்டுக்கும் நடுவில் அவர் பூசிய பச்சை. பூச்சி என்ன, எல்லைக் கல்லைப் பார்த்துத் திரும்பிப் போகிற சாதியா? சின்னப் பிள்ளைக்குத் தெரியும். அவருக்குத் தெரியாமல் போயிற்று. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேட்டிருக்கிறார். தான் பதினோரு ஊரை ஒரு பென்சிலில் மறைத்துவிட்டோம் என்பது அப்போதுதான் உறைத்தது. நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

ஒன்பது மணிக்கு டாக்டர் வொக்லேனிடம் போய் எல்லாவற்றையும் சொன்னார். வொக்லேன் கெட்ட மனிதர் இல்லை. அவசரம் பிடித்தவர், அவ்வளவுதான்.

"புதன்கிழமை அச்சுக்குப் போகிறது" என்றார் வொக்லேன். "அடுத்த பதிப்பில் திருத்திக்கொள்ளலாம். அந்த ஊரில் பூச்சி இருக்கிறது என்று உங்களுக்கு உறுதியாகத் தெரியுமா?"

"தெரியாது, டாக்டர்."

"பிறகு என்ன?"

"இல்லை என்றும் தெரியாது, டாக்டர்."

வொக்லேன் சிறிது நேரம் பேனா மூடியைத் திருகினார். "பதினோரு இடம் வெறுமையாக இருந்தால், ஏன் என்று மேலே கேட்பார்கள். அப்போது யார் பதில் சொல்வது? உங்கள் பதவி உயர்வுக் கடிதம் இதோ என் மேசையில்தான் இருக்கிறது, மிசியே சூசை. போய் வேலையைப் பாருங்கள்."

சூசைநாதன் போய் வேலையைப் பார்த்தார். அதாவது, மத்தியானம்வரை பென்சில் சீவினார். அவர் ஒன்றும் வீரர் இல்லை. முப்பது வருஷ உத்தியோகத்தில் ஒருமுறைகூடக் குரல் உயர்த்தாதவர். யோசித்து யோசித்து ஒரு குறுக்கு வழி கண்டுபிடித்தார். மடுத்தீனிடம் மட்டும் காதோடு காதாகப் போகவேண்டாம் என்று சொல்லிவிட்டால் போதுமே! பாம்பும் சாகும், கோலும் முறியாது. மனம் லேசானதுபோல் இருந்தது. அரைநாள் விடுப்புச் சொல்லிவிட்டு மெத்ரோ பிடித்தார்.

ரூ லூயி-பிளாங்கில் மத்தியானக் கூட்டம் கலைந்து, சாப்பாட்டுக் கடையின் பின்கட்டில் பாத்திரம் மலைபோல் கிடந்தது. மடுத்தீன் முழங்கைவரை நுரையோடு நின்றான். அற்புதமலர் ஒரு வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். சூசைநாதனைப் பார்த்ததும் இரண்டு பேரும் எழுந்து நின்றார்கள். அந்த மரியாதை இன்றைக்கு அவருக்கு முள்ளாகக் குத்தியது.

"அங்க போகவேணாம்பா" என்றார்.

"ஏன் அண்ணை?"

"சொன்னா கேளு. வேணாம்."

மடுத்தீனுக்குக் கோபம் வந்துவிட்டது. "விளையாடுறியளே அண்ணை? சனிக்கிழமை கையைத் தூக்கிக் காட்டினியள். நான் அறைக்காரனிட்டை அறையை விடுறம் எண்டு சொல்லிப்போட்டன். அவன் வேற ஆளுக்குக் குடுத்திட்டான். முதலாளியிட்டையும் சொல்லியாச்சு. இப்ப வந்து வேண்டாம் எண்டால் பிள்ளையளைக் கொண்டு எங்கை போறது?"

சூசைநாதன் ஓரத்துச் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். அட்டையைச் சொன்னார், படகு போகாததைச் சொன்னார், ஓலைக் கூரையில் என்ன பதுங்கும் என்பதையும் சொன்னார். "அந்த ஊர யாரும் பாக்கல. நான்தான் நெயான்னு போட்டேன். பச்சை அடிச்சதும் நான்தான்" என்று முடித்தார்.

குழாய்த் தண்ணீர் பாத்திரத்தில் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. மடுத்தீன் அதை மூடவில்லை. அற்புதமலர்தான் எழுந்து மூடினாள். அவள் திட்டுவாள் என்று சூசைநாதன் எதிர்பார்த்தார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"எங்களுக்கு வந்து சொல்லிப்போட்டியள், சரி" என்றாள். "நாங்கள் போகேல்லை எண்டால் அந்த வீட்டுக்கு வேற ஒரு குடும்பம் போகும். அவைக்கு உங்களைத் தெரியாது. உங்களுக்கும் அவையைத் தெரியாது. அவைக்கு ஆர் அண்ணை சொல்லுறது?"

சூசைநாதன் அவள் உரித்துப் போட்டிருந்த வெங்காயச் சருகைக் காலால் ஒதுக்கினார்.

"அந்தக் குடியேற்றத்திலயும் கந்தோர்க்காரர் தங்கட சொந்தக்காரரை மட்டும் முதல்லயே வேற இடத்துக்கு அனுப்பிப்போட்டினம்" என்றாள் அவள். "எங்களுக்குத்தான் ஒருத்தரும் சொல்லேல்லை." திரும்பி வாளியில் உட்கார்ந்து அடுத்த வெங்காயத்தை எடுத்தாள்.

ரூ பிலிப்-து-ஜிரார் வரை நடந்தே வீட்டுக்குப் போனார் சூசைநாதன். வழியெல்லாம் அற்புதமலர் கடைசியாகச் சொன்ன வார்த்தை கூடவே வந்தது. மர்கரீத்திடம் நடந்ததைச் சொன்னபோது, அவள் முதலில் பதவி உயர்வைத்தான் கேட்டாள். மனித இயல்பு, அவளைக் குறை சொல்லிப் பயனில்லை. கோயில் வாசலில் நான்கு பேருக்குச் சொன்னவள் அல்லவா? பிறகு, "அந்தப் பொண்ணோட மூத்தது செத்தப்ப எத்தன வயசு?" என்றாள். அவர் அதைக் கேட்டிருக்கவில்லை. "அதக்கூடக் கேக்கலியா நீங்க?" என்றாள் மர்கரீத்.

செவ்வாய்க்கிழமை சூசைநாதன் சிவப்பு மை எடுத்தார். குமாஸ்தாவுக்குத் தெரிந்த ஆயுதம் அதுதானே! பதினோரு அட்டையிலும் நெயானை அடித்து, 'பார்க்கப்படவில்லை. முந்தைய பதிவு என் தவறு' என்று எழுதி, முழுப் பெயரும் தேதியும் போட்டுக் கையெழுத்திட்டார். வரைபடத்தில் பதினோரு ஊரின் பச்சையையும் அழித்துச் சாம்பல் நிறம் பூசி, ஓரத்தில் 'சாம்பல்: ஆபத்து உண்டா இல்லையா என்று தெரியாது' என்று குறித்தார். வொக்லேனிடம் போகவில்லை. நேராகப் பதிவுப் பிரிவுக்குப் போய்த் திருத்தக் கடிதத்தில் எண் போட்டு முத்திரை வாங்கினார். கம்பெனிக்கு ஒரு பிரதி, கயானாவுக்கு ஒரு பிரதி, அச்சகத்துக்கு ஒரு பிரதி. முத்திரை விழுந்த தாளை விழுங்க எந்த அதிகாரிக்கும் வயிறு போதாது என்பதை அப்பாவின் பிள்ளை அறிவார்.

நடக்கவேண்டியது நடந்தது. மேலே கேட்டார்கள். வொக்லேன் வியர்த்தார். அறிக்கை ஒரு மாதம் தாமதமாக, பதினோரு சாம்பல் புள்ளிகளோடு வெளிவந்தது. சூசைநாதனின் பெயர் அதில் இல்லை. பதவி உயர்வுக் கடிதம் போன இடம் தெரியவில்லை. அவரை நிலவறையில் பழைய கோப்புகளைக் கவனிக்க அனுப்பினார்கள். மடுத்தீன் குடும்பம் இரண்டு வாரம் ஞானரட்ணத்தின் கடைச் சாமான் அறையில் படுத்துவிட்டு, பிறகு சூசைநாதன் அலைந்து பிடித்துக் கொடுத்த வேறொரு அறைக்குப் போனது. அதுவும் சின்னதுதான், ஆனால் கதவைத் திறக்கலாம்.

கதை இதோடு முடிந்திருந்தால் எல்லோருக்கும் நிம்மதியாக இருந்திருக்கும். ஆகஸ்டு கடைசியில் கயானாவிலிருந்து பதினோரு அட்டையும் மறுபடி வந்தன. படகு சரியாகி, கள ஆட்கள் ஜூலையில் போய்ப் பார்த்திருந்தார்கள். சூசைநாதன் அனுமதி கேட்டு மேலே ஏறி வந்து ஒவ்வொன்றாகப் படித்தார். நான்கு ஊர் உண்மையிலேயே பச்சை. மூன்று மஞ்சள், நான்கு சிவப்பு. சோ-திமான்ஷ்: பார்த்த வீடு இருபத்தாறு, பூச்சி இருந்த வீடு பதினேழு. அட்டையைத் திருப்பினார். இப்போதெல்லாம் எந்த அட்டையையும் முதலில் திருப்பித்தான் பார்ப்பார்.

பின்பக்கத்தில் பென்சிலில் எழுதியிருந்தது: 'புதிய ஓலை வீடுகளில் ஆறு குடும்பம். மார்ச் முதல் வாரம் வந்தவர்கள். ஒரு குழந்தை, வயது மூன்று, வலது கண் வீக்கம், ரத்தத்தில் கிருமி. மருந்து தொடங்கியாயிற்று.'

மார்ச் முதல் வாரம். மடுத்தீன் கடைக்கு வருவதற்கும் முன்பு. கம்பெனி, பச்சையை நம்பி, முதல் குழுவை அதற்குள்ளேயே இறக்கியிருந்தது. திருத்தக் கடிதம் போய்ச் சேர்ந்தபோது அந்தக் குழந்தை அங்கே பல இரவு தூங்கி எழுந்திருந்தது; பிறகும் கம்பெனி அவர்களை வெளியேற்றவில்லை. சூசைநாதன் அட்டையை வைத்துவிட்டுக் கழிப்பறைக்குப் போய் முகம் கழுவினார். பெயர் தெரியாத அந்தக் குழந்தைக்காக அன்று அவர் அழுதார், நன்றாகவே அழுதார். மருந்து தொடக்கத்திலேயே கிடைத்ததால் தேறிவிடும் என்று பிறகு டாக்டர்கள் சொன்னார்கள். அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் தூங்கினார்.

செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை. அதே கடை, அதே மடக்கு மேசை. இஞ்ஞாசி என்ற ஆள் வேலைப் படிவத்தோடு முன்னால் உட்கார்ந்திருந்தான். வரிசையில் அவனுக்குப் பின்னால், ஒரு கட்டு வல்லாரையோடு அற்புதமலர் நின்றாள்.

"நெஞ்சு நோய், மூச்சு நோய் ஏதாவது உண்டான்னு கேட்டிருக்கான்" என்றார் சூசைநாதன்.

"நெயான் போடுங்கோ அண்ணை. எல்லாருக்கும் அப்பிடித்தானே போடுறனீங்கள்?"

"டாக்டர்கிட்ட காட்டினியா?"

"இல்லை. இரவில கொஞ்சம் இருமல். அதுக்கெல்லாம் ஆர் டொக்டரிட்டைப் போறது?"

சூசைநாதன் பேனாவை மூடிக் கீழே வைத்தார். "அப்ப நான் நெயான் போடமாட்டேன். இன்னும் பாக்கலன்னு எழுதறேன். திங்கக்கிழம காலைல நானே உன்னக் கூட்டிட்டுப் போறேன். பாத்துட்டு வந்து எழுதுவோம்."

இஞ்ஞாசி கலவரப்பட்டான். "ஐயோ அண்ணை, அப்பிடி எழுதினால் அவங்கள் கேள்வி கேப்பாங்களே?"

"கேக்கட்டும்!" என்றார் சூசைநாதன். கடை முழுக்கத் திரும்பிப் பார்க்கும் அளவுக்குக் குரல் உயர்ந்துவிட்டது. முப்பது வருஷத்தில் முதல் தடவை. "கேட்டாத்தான்பா யாராவது போய்ப் பாப்பாங்க. இல்லன்னு எழுதிட்டா அதோட முடிஞ்சுது, ஒருத்தனும் அந்தப் பக்கம் திரும்ப மாட்டான். தெரியலன்னு எழுதறதுல ஒரு அவமானமும் கெடையாது. பாக்காத எடத்துல வியாதி இல்லன்னு எழுதறவன், அந்த வியாதிக்கு வீட்டுக் கதவத் தொறந்து விடறான். நான் தொறந்து விட்டேன். மூணு வயசுப் பிள்ளை ஒண்ணு அதுக்குள்ள படுத்திருந்துச்சு."

அற்புதமலர் வல்லாரைக் கட்டை மேசையின் ஓரத்தில் வைத்துவிட்டு, "இஞ்ஞாசி, அண்ணையோட போ" என்றாள்.

ஞானரட்ணத்துக்கு இந்த மாதிரிக் கனமான நேரங்கள் ஒத்துவராது. வடைத் தட்டை மேசையில் வைத்துச் சிரித்தார். "அப்ப இனிமேல் உங்களை நெயான் அண்ணை எண்டு கூப்பிடேலாது போல கிடக்கே?"

சூசைநாதன் இஞ்ஞாசியின் படிவத்தை எடுத்தார். அந்தக் கட்டத்தில் 'இன்னும் பார்க்கவில்லை' என்று தெளிவாக எழுதித் தேதி போட்டார்.

"கூப்புடு" என்றார். "ஒவ்வொரு சனிக்கிழமையும் கூப்புடு, ஞானரட்ணம். எனக்கு மறந்துடக் கூடாது."